ஓர் ஆம்பிளிபயர், இரண்டு சப்வூஃபர்

தோட்டத்து இளைஞர் ஒருவர் சொந்தமாகக் கார் வாங்கிவிட்டால், அடுத்து அவர் மனம் நாடுவது பாட்டைத்தான். தவில் முழக்கம் நெஞ்சில் வந்து மோத வேண்டும் என்று ஆசைப்படுவார். இப்படி அடித்தொனியை மட்டும் எழுப்பும் ஒலிபெருக்கிக்குச் சப்வூஃபர் என்று பெயர். ஒன்று போதாது, இரண்டு வேண்டும் என்று தோன்றும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. பல மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய ஆம்பிளிபயர் ஒரே நாளில் கருகிப் போவதுண்டு. கம்பி சூடேறிக் காரே தீப்பற்றுவதும் உண்டு. ஆகவே, இணைப்பைச் சரியாகச் செய்வது எப்படி என்று இன்று பார்ப்போம்.

ஒவ்வோர் ஒலிபெருக்கியின் பின்புறத்திலும் 4 ஓம் அல்லது 2 ஓம் என்று எழுதியிருக்கும். ஓம் என்பது மின்சாரத்தைத் தடுக்கும் அளவு. ஓம் குறைந்தால் மின்சாரம் அதிகமாகப் பாயும்.

லயத்துத் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் அருகருகே இரண்டு குழாய்களைத் திறந்துவிட்டால், இரண்டு மடங்கு தண்ணீர் வெளியேறும். ஒரு குழாயின் முனையிலேயே இன்னொரு குழாயை மாட்டிவிட்டால், தண்ணீர் நீண்ட வழி போக வேண்டும், ஓட்டம் குறையும். மின்சாரமும் இப்படித்தான். முதலாவது இணைகர மின்சுற்று. இரண்டாவது தொடர் மின்சுற்று. நம் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் பேட்டரியையும் சிறிய விளக்கையும் வைத்துப் படிக்கும் பாடம் இதுவே.

இப்போது கணக்கைப் பாருங்கள். இரண்டு 4 ஓம் ஒலிபெருக்கிகளைத் தொடராக இணைத்தால், கூட்டி 8 ஓம். இணைகரமாக இணைத்தால், வகுத்து 2 ஓம். நான்கு இருந்தால், இரண்டிரண்டாகத் தொடரில் இணைத்து, அந்த இரு சோடிகளையும் இணைகரமாக்கலாம். அப்போது மீண்டும் 4 ஓமே கிடைக்கும். இணைக்கும் ஒலிபெருக்கிகள் யாவும் ஒரே அளவு, ஒரே வகையாக இருப்பது அவசியம்.

ஆம்பிளிபயர் எத்தனை ஓம் வரை தாங்கும் என்பது அதன் கையேட்டில் இருக்கும். இரண்டு சேனல்களையும் ஒன்றாக்கி ஓட்டும் முறைக்கு 'பிரிட்ஜ்' என்று பெயர். பல ஆம்பிளிபயர்கள் தனிச் சேனலில் 2 ஓம் தாங்கும். பிரிட்ஜ் முறையிலோ 4 ஓமுக்குக் கீழே போகக்கூடாது. ஏனெனில், அந்த முறையில் ஒவ்வொரு சேனலும் பாதி ஓமைத்தான் உணர்கிறது. இது தெரியாமல் இரண்டு 4 ஓம் சப்வூஃபரை இணைகரமாக்கிப் பிரிட்ஜில் மாட்டினால், ஆம்பிளிபயர் சூடேறி நின்றுவிடும் அல்லது எரிந்துவிடும்.

கடைக்குப் போகும் முன்பே செய்ய வேண்டிய கணக்கு ஒன்றும் உண்டு. சில சப்வூஃபர்களில் இரண்டு கம்பிச்சுருள்கள் இருக்கும். சுருளுக்கு 4 ஓம் உள்ள இத்தகைய சப்வூஃபர் இரண்டை வாங்கினால், எல்லாச் சுருள்களையும் சமமாகப் பயன்படுத்தும் இணைப்புகளில் 1, 4, 16 ஓம் மட்டுமே கிடைக்கும். 2 ஓம் கிடைக்காது. உங்கள் ஆம்பிளிபயருக்கு 2 ஓம் தேவையென்றால், சுருளுக்கு 2 ஓம் உள்ளதை வாங்க வேண்டும். பணம் கொடுத்த பிறகு வருந்திப் பயனில்லை அல்லவா?

அடுத்து, கூட்டல் முனை, கழித்தல் முனை. இரண்டில் ஒன்றைத் தலைகீழாக மாட்டினால், ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். செலவு இரண்டு மடங்கு, அடித்தொனியோ காணாமற்போகும். முனை அறிய, ஆம்பிளிபயரைக் கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் டார்ச் பேட்டரியால் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். கூட்டலோடு கூட்டல் சேர்ந்தால் கூம்பு வெளிப்பக்கம் நகரும்.

இறுதியாக, மிக முக்கியமானது பியூஸ். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 500 வாட் எடுக்க 40 ஆம்பியருக்கும் மேல் மின்சாரம் பாய வேண்டும். மெல்லிய கம்பி அதைத் தாங்காது. தடித்த செப்புக் கம்பியைப் போட்டு, பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 45 சென்டிமீட்டருக்குள் பியூஸ் வையுங்கள். கம்பி தகட்டில் உரசித் தோல் உரிந்தால், காரைக் காப்பது அந்தப் பியூஸ்தான். அது எரிந்துவிட்டால், சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி ஓட்டுவது தீயை அழைப்பதற்கு ஒப்பாகும். ஏன் எரிந்தது என்று தேடுங்கள். வேலை தொடங்கும் முன், பேட்டரியின் கழித்தல் முனையைக் கழற்றிவிடவும் மறவாதீர்கள்.

பெற்றோர்களே, பிள்ளை இந்த வேலையில் இறங்கினால் உடனே ஏசிவிடாதீர்கள். முதலில் ஒரு தாளில் படம் வரைந்து கணக்குக் காட்டச் சொல்லுங்கள். கணக்குச் சரியாக வந்தால், அவர் கைத்தொழில் ஒன்றின் முதற்படியில் கால் வைத்துவிட்டார் என்று பொருள். தம்பிமார்களே, உங்களுக்கும் ஒரு சொல்: விடியுமுன் பால்வெட்டப் போகிறவர்கள் லயத்தில் உறங்குகிறார்கள். இரவில் ஒலியைக் குறைத்து வையுங்கள். உங்கள் காதுக்கும் அதுவே நல்லது.