கண்சிமிட்டும் விண்மீனும் வளையும் கண்ணாடியும்



சுங்கை சிப்புட், ஈப்போ வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில், விடியுமுன் பெரட்டுக்குக் கூடிய நம் பாட்டன் பாட்டிமார் விண்மீன்கள் கண்சிமிட்டுவதைப் பார்த்தே வேலைக்குப் போனார்கள். பார்வைக்கு அது அழகு. வானியலாளருக்கோ தலைவலி.

உண்மையில் சிமிட்டுவது விண்மீன் அல்ல. சூடும் குளிருமாகப் புரளும் காற்று அதன் ஒளியைக் குலைக்கிறது. நண்பகலில் தார்ச்சாலையின் மேல் தூரத்துக் கார் நெளிந்து தெரிவதும் இதனால்தான். நல்ல மலையுச்சியில்கூட, 8 மீட்டர் தொலைநோக்கி ஒளியை நிறையத் திரட்டும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அதன் கூர்மை, 20 சென்டிமீட்டர் தொலைநோக்கியின் கூர்மையை அதிகம் மிஞ்சாது.

இதற்கான வழியை 1953-இல் அமெரிக்க வானியலாளர் ஹோரேஸ் பாப்காக் முன்மொழிந்தார். வந்துசேரும் ஒளியின் கோணலை ஒரு கருவி அளக்கும். அதற்கு நேரெதிராக மெல்லிய கண்ணாடி ஒன்று வளைந்து கோணலை நேராக்கும். காற்று மாறுவதற்குள், வினாடிக்குப் பல நூறு முறை, இது நடக்கவேண்டும். சிலி நாட்டில் கட்டப்பட்டுவரும் 39 மீட்டர் தொலைநோக்கியில், இத்தகைய கண்ணாடியை வளைக்க மட்டும் 5,000-க்கும் மேற்பட்ட சிறு இயக்கிகள் உள்ளன.

வடிவமைப்பாளரின் சிக்கல் இதுதான்: வேகமாக அளந்தால் ஒவ்வோர் அளவீட்டுக்கும் கிடைக்கும் ஒளி போதாது, மெதுவாக அளந்தால் காற்று மாறிவிடும். பக்கத்தில் பிரகாசமான விண்மீன் இல்லையென்றால், சுமார் 90 கிலோமீட்டர் உயரத்திலுள்ள சோடியம் அணுக்களை லேசரால் ஒளிரவைத்துச் செயற்கை விண்மீனை உண்டாக்குகிறார்கள்.

தொடக்கம் எளிதாகவும் இருக்கலாம். நம் முன்னோர் பலர் புறப்பட்டுவந்த பழைய வட ஆற்காட்டில், சவ்வாது மலைக் காவலூரில், வைணு பாப்பு நிறுவிய வான்நோக்கு நிலையம் இருக்கிறது. அங்குள்ள 1.3 மீட்டர் தொலைநோக்கியில், விண்மீனின் உருவம் துள்ளுவதை மட்டும் சாயும் கண்ணாடியால் அடக்கும் கருவியை இந்திய வான்இயற்பியல் கழகத்தார் சோதித்தார்கள். அந்த ஒரு திருத்தத்திலேயே உருவம் கூர்மையானது. கண்ணாடியை வளைப்பது அதற்கு அடுத்த படி.

"விண்மீனைப் படித்தால் சோறு கிடைக்குமா?" என்று கேட்கும் பெற்றோருக்கும் பதில் உண்டு. இதே நுட்பத்தைக் கொண்டுதான் 1997-இல் உயிருள்ள மனிதரின் விழித்திரையில் தனித்தனி உயிரணுக்களைப் படமெடுத்தார்கள். ஒளியியல், கணினி, இயந்திரவியல் என்று பல துறையினருக்கும் இதில் வேலை இருக்கிறது. நான்காம் படிவத்தில் இயற்பியலையும் கூடுதல் கணிதத்தையும் கைவிட நினைக்கும் பிள்ளையிடம் இதைச் சொல்லுங்கள். முடிவை அதற்குப் பிறகு எடுக்கட்டும்.