எலும்புக்கு ஆண்டுக்கு ஒரு மருந்து: ஊசி ஏறும் முன் செய்ய வேண்டியவை

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் மருந்தாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எலும்புப்புரை நோய்க்கு நரம்பு வழியாக ஏற்றும் மருந்தைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். நான் ஒரு மருந்தாளர். இருந்தாலும், இந்த மருந்துக்கு எப்படித் தயாராக வேண்டும் என்பதை என் அம்மாவை ஊசி போடாமல் திருப்பி அனுப்பிய அன்றுதான் சரியாகக் கற்றுக்கொண்டேன். அந்தக் கதையையே உங்களுக்குச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு வயது 78. எடை 45 கிலோ. இளமையில் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். ஒருநாள் குளியலறையில் தண்ணீர் வாளியைத் தூக்கியபோது முதுகில் சுரீரென்று வலி. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், முதுகெலும்பில் ஒரு கணு நசுங்கிக் கிடந்தது. அவர் விழவில்லை, அடிபடவில்லை. ஒரு வாளித் தண்ணீருக்கே எலும்பு முறிந்துவிட்டது. பலர் எலும்புப்புரையையும் மூட்டுத் தேய்மானத்தையும் ஒன்றென நினைக்கிறார்கள். மூட்டுத் தேய்மானம் வலித்துக் காட்டிக்கொடுக்கும். எலும்புப்புரை, எலும்பு முறியும் வரை வாய் திறக்காது.

மருத்துவர் சோலெட்ரோனிக் அமிலம் என்ற மருந்தைப் பரிந்துரைத்தார். 100 மில்லிலிட்டர் திரவத்தில் 5 மில்லிகிராம் மருந்து. ஆண்டுக்கு ஒருமுறை, 15 நிமிடத்திற்குக் குறையாமல் மெதுவாக ஏற்றுவார்கள். 2007இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இதை 3 ஆண்டுகள் கொடுத்தபோது முதுகெலும்பு முறிவு 70 விழுக்காடும் இடுப்பெலும்பு முறிவு 41 விழுக்காடும் குறைந்தன. நல்ல மருந்துதான். ஆனால் ஏற்றிய பிறகு திரும்ப எடுக்க முடியாத மருந்து. அதனால்தான் முன்கூட்டியே இரத்தப் பரிசோதனை கேட்கிறார்கள்.

அம்மாவின் பரிசோதனைத் தாள் என் கைக்கு வந்தது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், லிட்டருக்கு 90 மைக்ரோமோல். இயல்பு அளவின் மேல் விளிம்பு. தாளில் நட்சத்திரக் குறி எதுவும் இல்லை. சரி, எல்லாம் நலம் என்று விடுப்பு எடுத்துக்கொண்டு, ஒன்றரை மணி நேரம் காரோட்டி அம்மாவை அழைத்துப் போனேன்.

மருத்துவமனையில் மருத்துவர் கணிப்பானை எடுத்தார். வயது, எடை, கிரியேட்டினின் மூன்றையும் போட்டுக் கணக்கிட்டார். வந்த எண் 32. “35க்குக் கீழே இருந்தால் இந்த மருந்தைக் கொடுக்கக்கூடாது” என்று சொல்லிவிட்டார்.

“ஏன்டி, இவ்வளவு தூரம் வந்ததெல்லாம் சும்மாவா?” என்று அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். எனக்கும் கோபம்தான். ஆனால் காரில் உட்கார்ந்து நானே கணக்கைப் போட்டுப் பார்த்தபோது வெட்கமாகப் போய்விட்டது.

கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. 50 வயது, 65 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அதே 90 இருந்தால், கணக்கில் 68 வரும். அவருக்கு ஊசி போடலாம். 78 வயதில் மெலிந்த உடம்பில் தசையே குறைவு; கழிவும் குறைவாகத்தான் வர வேண்டும். அப்படியிருந்தும் 90 என்றால், சிறுநீரகம் தளர்ந்துவிட்டது என்று பொருள். எலும்பில் தங்காத மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். தளர்ந்த சிறுநீரகத்தின் மேல் அதை ஏற்றினால், சிறுநீரகமே செயலிழக்கும் ஆபத்து உண்டு. அன்று அம்மாவைத் திருப்பி அனுப்பியது அவரைக் காப்பாற்றத்தான்.

வீட்டுக்கு வந்து அம்மாவின் மேசை இழுப்பறையைத் திறந்தேன். முட்டிவலிக்காகக் கடையில் வாங்கிய வலி மாத்திரைகள் அட்டை அட்டையாக இருந்தன. பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த, பெயரில்லாத ஒரு பொடியும் இருந்தது. ஊருக்கெல்லாம் “வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?” என்று கேட்கும் நான், பெற்ற தாயிடம் கேட்கவில்லை.

புரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை. பெயரில்லாப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. ஸ்டீராய்டு எலும்பையே அரிக்கும். எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண் இல்லாத மருந்தை வாங்காதீர்கள். நீண்ட நாள் சாப்பிட்டிருந்தால், பயந்துபோய் ஒரேயடியாக நிறுத்தவும் வேண்டாம், அதுவும் ஆபத்து. பொட்டலத்தோடு மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். நாங்களும் அதைத்தான் செய்தோம்.

இரண்டாவது பரிசோதனை சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம். இந்த மருந்து எலும்பு கரைவதைத் தடுக்கிறது. அப்போது எலும்பிலிருந்து இரத்தத்திற்கு வரும் கால்சியமும் குறையும். ஏற்கெனவே குறைவாக இருந்தால், உதடும் விரலும் மரத்துப்போகும், தசை இழுக்கும், இதயத் துடிப்பும் தடுமாறலாம். இரத்தத்திலுள்ள கால்சியத்தில் ஏறக்குறைய பாதி அல்புமின் போன்ற புரதங்களோடு ஒட்டியிருப்பதால், அல்புமினையும் சேர்த்தே பார்ப்பார்கள்.

மூன்றாவது வைட்டமின் டி. வெயில் கொளுத்தும் நாட்டில் நமக்கு அது எப்படிக் குறையும் என்று கேட்பீர்கள். கறுத்த தோலுக்குக் கூடுதல் வெயில் வேண்டும். நம் பாட்டிமார்களோ வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள். அம்மாவுக்கும் குறைவாகத்தான் இருந்தது. அதை முதலில் மாத்திரையால் சரிசெய்துவிட்டுத்தான் ஊசிக்குப் போக வேண்டும்.

அடுத்து, பல். இந்த மருந்து எடுப்பவர்களில் மிக அரிதாகச் சிலருக்கு, பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போவதுண்டு. எனவே பிடுங்க வேண்டிய பல் இருந்தால் முன்னதாகவே பிடுங்கி, புண் ஆறட்டும். அம்மாவின் ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப் பல்லையும் இந்த இடைவெளியில் எடுத்துவிட்டோம்.

ஆறு வாரம் கழித்து மறுபடியும் இரத்தம் எடுத்தார்கள். வலி மாத்திரை நின்றிருந்தது; தண்ணீரும் ஒழுங்காகக் குடித்திருந்தார். கிரியேட்டினின் 76. கணக்குப் போட்டால் 38. எல்லையை ஒட்டித்தான், ஆனால் எல்லைக்கு மேலே. மருத்துவர் அரைமணி நேரம் எடுத்து மெதுவாக மருந்தை ஏற்றினார்.

ஊசிக்குப் போகும் நாளில் பட்டினி கிடக்க வேண்டாம். வழக்கம்போல் சாப்பிட்டு, இரண்டு குவளைத் தண்ணீராவது குடித்துவிட்டுப் போங்கள். இதயக் கோளாற்றுக்காகத் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் மட்டும் மருத்துவரைக் கேளுங்கள். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தவறாமல் சொல்ல வேண்டும். கிரியேட்டினின், கால்சியம் பரிசோதனைகளுக்கும் பட்டினி தேவையில்லை. இனிப்பு நீர், கொழுப்புப் பரிசோதனையும் சேர்ந்திருந்தால், அவர்கள் சொன்னபடி செய்யுங்கள்.

முதல் ஊசிக்குப் பிறகு மூன்று நாளுக்குள் காய்ச்சலும் உடம்புவலியும் சிலருக்கு வரும். அடுத்த ஆண்டுகளில் அது வெகுவாகக் குறைந்துவிடும். அம்மாவுக்கும் ஒரு ராத்திரி காய்ச்சல் அடித்தது. பாராசிட்டமோல் கொடுத்தோம், போய்விட்டது. மரத்துப்போதல், தசை இழுப்பு, சிறுநீர் குறைதல் இருந்தால் வீட்டில் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

நேயர்களே, அடுத்த ஆண்டு ஊசிக்குப் போகும்போதும் இரத்தப் பரிசோதனை புதிதாகச் செய்ய வேண்டும். பழைய தாள் உதவாது. தாளில் நட்சத்திரம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். “என் வயதுக்கும் எடைக்கும் சிறுநீரகக் கணக்கு எவ்வளவு வருகிறது?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் அம்மா, அப்பாவின் இழுப்பறையை அவர்களோடு உட்கார்ந்து ஒருமுறை திறந்து பாருங்கள். திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை வேறு இடத்தில் ஒளித்து வைப்பார்கள். என் அம்மா அரிசி டின்னில் வைத்திருந்தார்.