பெட்டியும் பேரேடும்

கணக்காய்வாளரை ‘ஓடிற்றர்’ என்று அழைப்பது யாழ்ப்பாணத்துக் கந்தோர்களிலே பழைய வழக்கம். ஆங்கிலச் சொல் தமிழ் நாவில் படிந்த விதம் அது. ஆனால் அச்சொல்லுக்குள் ஓர் ஓட்டம் ஒளிந்திருப்பதைக் கண்டு நகையாடுவோரும் உளர். திங்கட்கிழமை ஓர் ஊர், வியாழக்கிழமை வேறோர் ஊர் என்று ஓடித் திரிபவரை ஓடிற்றர் என்னாமல் வேறு எப்படி அழைப்பது என்பது அவர்கள் கேள்வி.

சொல்லின் மெய்யான பிறப்பு வேறு. இலத்தீன் மொழியிலே ‘கேட்டல்’ என்னும் பொருள் தரும் வினையிலிருந்து பிறந்தது அது. எழுத்தறிவு அரிதாயிருந்த காலத்தில், ஐரோப்பாவின் பெரும் பண்ணைகளிலே வரவு செலவை ஒருவர் உரத்து வாசிக்க, மற்றொருவர் அமர்ந்திருந்து கேட்டுச் சரி பிழை சொல்வார். கேட்பவரே அப்பெயருக்கு உரியவர். அவர் இருந்த இடத்திலேயே இருந்தார். கணக்கு அவரைத் தேடி வந்தது. வானொலி நேயரின் நிலை என்றே கூறலாம்.

பிற்காலத்தில் இம்முறை தலைகீழாயிற்று. கணக்கு இருக்கும் இடத்துக்கு அவர் போகவேண்டியதாயிற்று. ஏடுகளைக் கட்டி அனுப்பலாம். பெட்டகத்திலுள்ள காசையும், களஞ்சியத்தில் அடுக்கிய சீமெந்து மூடையையும், பாதி கட்டி நின்றுபோன பாலத்தையும் கட்டி அனுப்ப இயலாது. ‘இருக்கிறது’ என்று ஏடு சொல்லும் பொருள் மெய்யாகவே இருக்கிறதா என்று கண்ணாற் கண்டு, கையால் தொட்டு வருவதற்கு ஒருவர் வேண்டும். இலங்கையிலே 1799ஆம் ஆண்டிலேயே அரசாங்கக் கணக்கைப் பார்ப்பதற்கென்று பதவி ஒன்று ஏற்பட்டது. அன்று தொட்டு 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம் வரையில் விதிகள் பலமுறை மாறின. போய்ப் பார்க்கவேண்டும் என்ற தேவை மட்டும் மாறவில்லை.

கணக்காய்வாளரின் பயணம் பிறருடைய பயணத்தைப் போன்றதன்று. வியாபாரி தன் வரவைக் கடிதம் எழுதி முன்னறிவிப்பான். விரிவுரையாளரை எதிர்கொள்ளப் புகையிரத நிலையத்தில் மாலையுடன் ஆட்கள் நிற்பர். காசைத் திடீரெனச் சோதிக்கப் புறப்படும் கணக்காய்வாளரோ தம் வரவை யாருக்கும் சொல்லலாகாது. சொன்னால், பெட்டகத்தில் ஒரு நாளைக்குக் கைமாற்று வாங்கிய காசு நிறைந்திருக்கும். களஞ்சியத்தில் அயற் களஞ்சியத்து மூடைகள் விருந்தாட வந்திருக்கும். ஆகவே ஞாயிறு இரவு கோட்டை நிலையத்தில் ஏறுபவர், போகும் ஊரின் பெயரை வீட்டில் மட்டும் சொல்லிவிட்டு ஏறுகிறார். வீட்டிலும் சொல்லாதவர்கள் உண்டு என்பர், அது மிகை.

அவருடைய பெட்டியைத் திறந்து பார்த்தால் அத்தொழில் முழுவதும் விளங்கும். இரண்டு நாளைக்குரிய உடுப்பு, ஏனையோர் எழுதிய கறுப்பு, நீல எழுத்துக்களுக்கு நடுவே தம் குறி தனித்துத் தெரிவதற்காகப் பச்சை மைப் பேனா, கணிக்கும் பொறி, பூட்டுகளுக்கு வைக்க முத்திரை அரக்கு, முன் ஆண்டு அறிக்கையின் பிரதி, மலைநாடென்றால் கம்பளிச் சட்டை, தீவுப்பகுதியென்றால் குடை. எல்லாவற்றுக்கும் அடியில் மனைவி வைத்த மருந்துக் குளிசைகள். சனிக்கிழமை பெட்டி வீடு திரும்பும். திங்கட்கிழமைக்கு முன்னர் மீண்டும் நிறையும். அதை அலுமாரியில் ஏற்றுவதற்கே நேரமின்றி, கட்டிலின் கீழே நிரந்தரமாகக் குடியிருத்தியவர்கள் பலர்.

1960களில் மலைநாட்டுத் தோட்டமொன்றுக்குக் கணக்காய்வுக்குச் சென்ற இளைஞர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். பட்டயக் கணக்காளராகும் பொருட்டுப் பயிற்சியில் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாதவர். கொழும்பிலிருந்து பதுளைவரை ஏறக்குறைய 290 கிலோமீற்றர் நீளமான அந்தப் புகையிரதப் பாதை, பட்டிப்பொலவில் 1,898 மீற்றர் உயரத்தை எட்டுகிறது. கடற்கரை வெப்பத்தில் ஏறியவர், விடியற்புறத்தில் மூடுபனியிடையே பற்கள் தந்தியடிக்க மலைநாட்டு நிலையமொன்றில் இறங்குகிறார். அவ்வனுபவம் அவருக்கு மகிழ்ச்சி தருகிறது. இருபத்திரண்டு வயதில், பிறர் செலவில் நாடு காண்பது யாருக்குத்தான் கசக்கும்!

அங்கே அவர் கற்பவை பாடப்புத்தகத்தில் இல்லாதவை. ஏறத்தாழ நாலரை இறாத்தல் பச்சைக் கொழுந்திலிருந்து ஓர் இறாத்தல் தேயிலை கிடைக்கும். மாதத்தில் வந்த கொழுந்தின் நிறையையும், தொழிற்சாலை காட்டும் தேயிலையின் நிறையையும் பக்கத்துப் பக்கம் வைத்துப் பார்த்தால் இவ்விகிதம் சற்றே ஏறியும் இறங்கியும் நிற்கவேண்டும். மழைக்காலத்து ஈரக் கொழுந்து கணக்கைக் கொஞ்சம் அசைக்கும். அதற்கு மேலும் அசைந்தால், தேயிலை வேறு வழியாலும் வெளியேறுகிறது என்று ஐயுறலாம். இதை மேசையிலிருந்தே கண்டுபிடிக்கலாம். ஆனால் கொழுந்து மடுவத்தில் மாலை வேளையில் நின்று பார்க்கும்போதுதான், கூடைக்கென்றும் நீருக்கென்றும் தராசில் எவ்வளவு கழிக்கப்படுகிறது என்பது தெரிகிறது. மேசையில் ஒரு சிறு எண்ணாகக் கிடந்த அக்கழிவு, மடுவத்தில் நனைந்த படங்குச் சாக்கை இடையில் சுற்றி நிற்கும் ஒரு பெண்ணின் கூலியாக மாறிவிடுகிறது.

செக்குரோல் என்னும் பெயரேடும் அப்படியே. தோட்டத்தில் ஒரு நாள் வேலையை ‘ஒரு பெயர்’ என்பர். பாதி நாளென்றால் ‘அரைப் பெயர்’. ஏட்டில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் ஓர் உயிருள்ள ஆள் உண்டா என்று அறியும் வழி, சம்பள நாளில் நேரில் நின்று பார்ப்பதுதான். கூப்பிட்ட பெயருக்கு ஒருவரும் முன்வராவிட்டால், அப்பெயர் எப்போது எழுதப்பட்டது, அதன் சம்பளத்தைச் சென்ற மாதம் வாங்கிய கை எது என்ற கேள்விகள் எழும். எதிர்ப்புறமாக, வேலை செய்தும் பெயர் விழாத ஒருவர் தயங்கித் தயங்கி வந்து, இந்தப் புதிய ஐயாவிடம் முறையிடுவதும் உண்டு. அது அவருடைய வேலைக்குள் அடங்குமா என்பது இளைஞருக்குத் தெரியாது. ஆயினும் அவர் குறித்துக்கொள்கிறார். அந்தக் குறிப்பு அறிக்கையில் இடம்பெறும் என்பதற்கு உறுதியில்லை. மேலதிகாரி அதை வெட்டிவிடவும் கூடும்.

இவையெல்லாம் பயணத்தின் மேடு. பள்ளம் சாப்பாட்டு வேளையிலே தொடங்குகிறது.

வந்தவரை உண்ணச் சொல்லாத வீடு தமிழர் நடுவே அரிது. பசியோடு அனுப்பினால் வீட்டாருக்கு இழுக்கு. உண்ண மறுத்தால் வந்தவருக்கு இழுக்கு. இந்த இரு இழுக்குகளுக்கும் நடுவே வாழ்வதுதான் கணக்காய்வாளரின் விதி. யாருடைய ஏட்டைப் பார்க்கிறாரோ அவருடைய சோற்றை அவர் உண்ணலாகாது. ஒரு கோப்பை தேநீர் பெரிதன்று. ஆனால் தேநீருக்குப் பின் மதிய உணவு, அதற்குப் பின் பங்களாவில் இராத்தங்கல், புறப்படும்போது காரில் ஏற்றப்படும் வாழைக்குலை என்று படிகள் அடுத்தடுத்து இருக்கின்றன. எந்தப் படியில் நிற்பது என்பதை விதிகள் ஓரளவுக்கே சொல்லும். ஆகவே முன்யோசனையுள்ளவர்கள் முதற்படியிலேயே நின்றுவிடுவர். வாடிவீட்டில் தனியே அமர்ந்து, காசு கொடுத்து, ஆறிய சோற்றை உண்பர். அவர்களைக் ‘கர்வம் பிடித்தவர்’ என்று ஊர் பேசும். நாடெல்லாம் சுற்றியும் எந்த ஊரிலும் விருந்தினராக முடியாத வழிப்போக்கர் அவர்.

வாடிவீடு உள்ள ஊரில் இது எளிது. இல்லாத ஊரில் என்ன செய்வது?

கார்த்திகை மாதத்திலே வடக்கின் தீவொன்றுக்குக் கூட்டுறவுக் கடையின் கணக்கைப் பார்க்கச் சென்றவரின் நிலையை எண்ணிப் பார்க்கவேண்டும். கூட்டுறவுச் சங்கங்களின் கணக்கு ஆண்டுக்கொருமுறை பார்க்கப்படவேண்டும் என்பது சட்டம். கடலோ சட்டத்துக்கு அடங்குவதில்லை. காலையில் லோஞ்சில் வந்து மாலையில் திரும்பிவிடலாம் என்று எண்ணியவரை வாடைக்காற்று தடுத்துவிடுகிறது. மறுநாளும் கடல் தணியவில்லை. கடையின் முகாமையாளர் தம் வீட்டுக்கு அழைக்கிறார். வேறு இடமும் இல்லை. முகாமையாளரின் தாயார் அடுப்படியில் குந்தியிருந்து ஒடியற் கூழ் காய்ச்சி, பலாவிலை மடித்துக் கையில் கொடுத்து, “குடியுங்கோ தம்பி, குளிருக்கு நல்லது. எத்தனை பிள்ளையள்?” என்று கேட்கிறார். இரண்டிரவு அவ்வீட்டுத் திண்ணையில் படுத்து, அந்தக் கூழைக் குடித்த பிறகு, கடையின் கோதுமை மா மூடைகளை எண்ணுகிறார். ஏட்டில் உள்ளதைவிட இரண்டு மூடை குறைவு.

கூரை ஒழுக்கில் நனைந்து பழுதாகி எறியப்பட்டவை என்று முகாமையாளர் சொல்கிறார். அது மெய்யாகவும் இருக்கலாம். ஒழுக்கு அங்கே கண்முன்னால் இருக்கிறது. ஆனால் எறிந்ததற்கு எழுத்தில் ஆதாரமில்லை. “இரண்டு மூடை குறைவு, விளக்கம் கோரப்படுகிறது” என்று பச்சை மையால் எழுதவேண்டும். எழுதுகிறார். முகாமையாளர் ஒன்றும் பேசாமல் கையொப்பமிடுகிறார். காற்றுத் தணிந்து லோஞ்சு புறப்படும் வேளையில், பிள்ளைகளுக்கென்று கிழவி ஒரு பொட்டலம் புழுக்கொடியல் கொண்டுவந்து நீட்டுகிறார். அறையில் நடந்தது ஒன்றும் அவருக்குத் தெரியாது. அந்தப் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கு வேண்டிய நெஞ்சுரம், அறிக்கை எழுதுவதற்கு வேண்டியதைக் காட்டிலும் பெரிது. இத்தகைய இக்கட்டில் வாங்கிக்கொண்டவர்களும் இருப்பர். மறுத்துவிட்டு வழிநெடுகக் கடலையே பார்த்துக்கொண்டு வந்தவர்களும் இருப்பர். எவரையும் குறை கூறுவதற்கில்லை.

வீட்டுப் பக்கத்தையும் பார்க்கவேண்டும். முதல் ஐந்தாண்டு பயணம் ஒரு வரம். பல ஊர், பல தொழில், சிங்களமும் தமிழும் கலந்த பேச்சு, தலைமைக் கந்தோரிலேயே இருப்பவருக்குக் கிட்டாத அநுபவம். அதன் பிறகு, பிள்ளையின் பரிசளிப்பு விழாவன்று பதுளையில், தகப்பனாரின் திவசத்தன்று மட்டக்களப்பில் என்று நாட்கள் தவறத் தொடங்குகின்றன. 1956ஆம் ஆண்டு சித்திரையில் யாழ்தேவி ஓடத் தொடங்கியபோது, கொழும்பில் வேலை பார்த்த வடபுலத்தார் பலருக்கு வீடு ஒரு பகற்பயணத் தூரத்துக்குக் கிட்டியது. 1990ஆம் ஆண்டு யுத்தத்தினால் வடக்கே அப்பாதை அறுந்து, யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் மீண்டும் வந்தது 2014ஆம் ஆண்டு ஐப்பசியில்தான். இடைப்பட்ட இருபத்துநான்கு ஆண்டுகளில் தெற்கே கடமையாற்றிய வடபகுதிக் கணக்காய்வாளர் ஒருவருக்கு, ‘சனிக்கிழமை வீடு திரும்புதல்’ என்ற சொற்றொடருக்கே பொருளில்லாது போனது.

வீட்டில் இருப்பவரின் பாடு இன்னும் பேசப்படாதது. கிணற்றுக் கப்பி உடைவதும், பிள்ளைக்குக் காய்ச்சல் வருவதும் கணவர் வெளியூரிலுள்ள வாரத்தையே பார்த்து நிகழும் போலும். இக்காலத்தில் பெண்கள் பலர் இத்தொழிலில் இருக்கின்றனர். அவர்களுக்குப் பயணத்தோடு, சிற்றூரில் பாதுகாப்பான தங்குமிடம் தேடும் கவலையும் சேர்கிறது. ஆண் ஊர் ஊராய்ப் போனால் ‘கடமை’ என்றும், பெண் போனால் ‘பிள்ளைகளை யார் பார்ப்பது’ என்றும் கேட்கும் உறவினர்களை எந்த விதிக்கோவையும் திருத்தப்போவதில்லை.

இப்பயணங்களுக்கு இனி முடிவு வந்துவிடும் என்று சிலர் எதிர்பார்க்கின்றனர். 2020ஆம் ஆண்டிலே கொள்ளைநோய் பயணங்களை முடக்கியபோது, கைத்தொலைபேசியின் படக்கருவி வழியே களஞ்சியங்களை எண்ணும் முறை பல நாடுகளில் கைக்கொள்ளப்பட்டது. அது நேரத்தை மிச்சப்படுத்தியது, செலவையும் குறைத்தது. ஆனால் படக்கருவியைப் பிடித்திருப்பது களஞ்சியப் பொறுப்பாளரின் கை. அது காட்டும் மூலையையே பார்க்கலாம். பின்வரிசை மூடைக்குள் மா இருக்கிறதா, உமி இருக்கிறதா என்று விரலால் குத்திப் பார்க்க இயலாது. ஈர மூடையின் புளித்த மணமும் அதன் வழியே வராது.

பயணம் முடிந்தபின் கணக்காய்வாளருக்கு ஒரு வேலை எஞ்சியிருக்கிறது. எந்த நேரத்துக்கு எந்த வண்டியில் ஏறினார், நிலையத்திலிருந்து எத்தனை கிலோமீற்றர், எத்தனை இரவு, என்ன கட்டணம் என்று அவரே பிரயாணச் செலவுப் படிவம் ஒன்றை நிரப்பிக் கொடுக்கவேண்டும். தீவில் தங்கிய இரண்டு இரவுகளுக்கு அவரிடம் பற்றுச்சீட்டு இல்லை. சில வாரங்களுக்குப் பின் அப்படிவம், ஓரத்தில் ஒரு கேள்வியுடன் திரும்பி வருகிறது: “இவ்விரு தினங்களிலும் உணவும் தங்குமிடமும் எங்கே? விளக்கம் கோரப்படுகிறது.”