பாரப் பெட்டியைத் தடுத்து நிறுத்துதல்

(கமக்காரர் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



பெரும்போக அறுவடை தொடங்கியதும் நமது தெருக்களில் நெல் மூடைகளை ஏற்றிய பெட்டிகள் இரவு பகலாக ஓடத் தொடங்கும். மலைநாட்டிலோ கோவா, கரட், உருளைக்கிழங்கு மூடைகளை ஏற்றிக்கொண்டு பெட்டிகள் சரிவுகளில் இறங்கிய வண்ணமே இருக்கும். உழவு இயந்திரம் வாங்கும்போது அதன் குதிரைவலு எவ்வளவு, எத்தனை மூடை இழுக்கும், எண்ணெய்ச் செலவு எவ்வளவு என்று பலமுறை விசாரிக்கின்றோம். ஏற்றிய பாரத்தை எவ்வாறு நிறுத்துவது என்று விசாரிப்பவர் மிகச் சிலரே. "உமது பெட்டிக்குப் பிறேக்கு உண்டா?" என்று ஒருவரைக் கேட்டேன். "வாங்கியபோது இருந்தது ஐயா" என்றார். இன்றைய பேச்சுக்கு அவருடைய மறுமொழியே காரணம்.

பெட்டியை இழுப்பது இயந்திரம் என்பது ஏறும்போது மட்டுமே உண்மை. வேகத்தைக் குறைக்கும்போதும் சரிவில் இறங்கும்போதும் பெட்டியே இயந்திரத்தைத் தள்ளுகின்றது. நான்கு சில்லு இயந்திரமொன்றின் எடை 2 தொன் என்று வைத்துக்கொள்வோம். பெட்டியும் நெல்லும் சேர்ந்து 4 தொன். பெட்டிக்குப் பிறேக்கு இல்லையாயின், 2 தொன்னை நிறுத்துவதற்கென அமைந்த பிறேக்கு 6 தொன்னை நிறுத்த வேண்டியதாகின்றது. தனி இயந்திரம் 5 மீற்றரில் நிற்குமாயின், அதே பிடியில் இப்பொழுது நிற்பதற்கு 15 மீற்றர் வேண்டும். வேகம் இரு மடங்கானால் இத்தூரம் நான்கு மடங்காகும். அன்றியும், மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 7 மீற்றர் செல்கின்றது. தெருவின் குறுக்கே ஒரு மாடோ சிறுபிள்ளையோ வந்ததைக் கண்டு காலை மிதியில் வைப்பதற்குள்ளேயே அந்த ஒரு விநாடி கழிந்துவிடும்.

சரிவைப் பற்றியும் ஒரு கணக்குச் சொல்லுகிறேன். பத்து மீற்றருக்கு ஒரு மீற்றர் இறங்கும் தெருவில், பெட்டியின் எடையில் ஏறக்குறையப் பத்திலொரு பங்கு எந்நேரமும் முன்னோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும். 4 தொன் பெட்டியாயின் 400 கிலோகிராம். ஆறேழு பேரின் முழு எடை பின்னாலிருந்து ஓயாது தள்ளுவதற்கு இஃது ஒப்பாகும். தெரு வளைந்திருந்தால் அத்தள்ளல் நேராகச் செல்லாது. இயந்திரத்தின் பின்பக்கத்தை ஒரு பக்கமாகத் தள்ளி, மடக்குக் கத்தியை மடக்குவதுபோல இயந்திரத்தையும் பெட்டியையும் மடக்கிவிடும். ஈரத் தெருவில் இது கண்ணிமைக்கும் நேரத்தில் நிகழும்.

நான்கு சில்லு இயந்திரம் வைத்திருப்போர் முதலிற் கவனிக்க வேண்டியது, பின்சில்லுகள் இரண்டுக்கும் தனித்தனியே உள்ள பிறேக்கு மிதிகளை. வயலில் மூலையிற் திரும்புவதற்கு ஒரு மிதியை மட்டும் மிதிக்கின்றோம். தெருவுக்கு ஏறுமுன் அவ்விரண்டையும் பூட்டும் கொளுவியைப் போட்டுவிடல் வேண்டும். அதை மறந்து தெருவில் ஒரு மிதியை மட்டும் மிதித்தால் ஒரு சில்லு நிற்க மற்றச் சில்லு ஓடும்; இயந்திரம் அப்பக்கமாகச் சுழலும். கொளுவி போட்டிருந்தும் வண்டி ஒரு பக்கம் இழுக்குமாயின் இரு பிறேக்குகளும் ஒத்த அளவில் இல்லை என்பது பொருள். அதனைச் சரிசெய்த பின்னரே பாரம் ஏற்றுக.

இனி இரண்டு சில்லு இயந்திரத்துக்கு வருகிறேன். லான்ட்மாஸ்டர் என்று நாம் எந்த வகையையும் அழைத்துப் பழகிவிட்ட அந்தச் சிறிய இயந்திரத்தில் ஒரு விசித்திரம் உண்டு. அதைத் தெரியாதவர் கையில் அது மிக ஆபத்தானது. சமதரையில் இடக் கைபிடியிலுள்ள திருப்பும் கிளச்சைப் பிடித்தால் இடச்சில்லு இயந்திரத்தினின்றும் விலகும்; வலச்சில்லு மட்டும் உந்த, வண்டி இடப்பக்கம் திரும்பும். இதை எல்லோரும் அறிவர். ஆனால் பாரப் பெட்டி பின்னாலிருந்து தள்ளச் சரிவில் இறங்கும்போது சில்லுகளை உந்துவது இயந்திரமன்று. இயந்திரம் அவற்றைப் பிடித்து வைத்திருக்கின்றது. அவ்வேளை இடக் கிளச்சைப் பிடித்தால் இடச்சில்லு பிடி விட்டு உருளும். வலச்சில்லு பிடியிலேயே இருக்கும். வண்டி வலப்பக்கம் திரும்பும்! இடப்பக்கம் திருப்ப எண்ணியவர் எதிர்த்திசையிற் செல்வதைக் கண்டு பதறி, அதே கிளச்சை இன்னும் இறுகப் பிடிப்பார். வாய்க்கால் அணைக்கட்டிலிருந்து வயலுக்குள் பெட்டியோடு கவிழ்ந்த வண்டியொன்றை நான் பார்த்ததுண்டு. ஓட்டியவர் பழக்கமானவரே. அணைக்கட்டில் ஏறும்வரை யாதொரு குறையும் இல்லை, இறங்கும்போதே தவறிற்று. கால் முறிவோடு அவர் தப்பியது பெரிய காரியம்.

ஆதலால் சரிவில் இறங்கும்போது திருப்பும் கிளச்சுகளைத் தொடாதீர்கள். கைபிடியைத் தள்ளியே திருப்புங்கள். சரிவு தொடங்குமுன், மேட்டின் உச்சியிலேயே, தாழ்ந்த கியரைப் போட்டுக்கொள்ளுங்கள். இடைவழியிற் கியர் மாற்ற முயன்று முதன்மைக் கிளச்சை விலக்கினால் இயந்திரத்தின் பிடி முற்றாகப் போய்விடும். கியரும் மீண்டும் விழாது. எண்ணெய் மிச்சம் பிடிக்கக் கியரை எடுத்துவிட்டு உருளவிடும் வழக்கம் ஒன்று சிலரிடம் இருக்கின்றது. அவர்கள் மிச்சம் பிடிக்கும் எண்ணெய் ஒரு போத்தலும் வராது.

பெட்டியின் முன்புறத்தில் ஆசனத்தின் கீழ் உள்ள கால்மிதி, பெட்டிச் சில்லுகளைப் பிடிப்பதற்காக அமைந்தது. சரிவில் முதலில் அதனை மெல்ல மிதித்துப் பெட்டியைச் சற்றுப் பின்னிழுத்து வைத்துக்கொள்ளல் வேண்டும்; அதன் பின்னரே இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்தல் வேண்டும். பெட்டி பின்னால் இழுபட்டுக்கொண்டிருக்கும் வரை வண்டி நேராகவே ஓடும்.

இந்த ஒழுங்குமுறை நமது கற்பனையன்று. அமெரிக்க நாட்டுப் பண்ணைகளிற் பெரிய பிக்கப் வண்டிகளில் மாடுகளையும் வைக்கோலையும் பெட்டிகளில் ஏற்றி இழுக்கின்றார்கள். அப்பெட்டிகள் பலவற்றில் மின்சாரப் பிறேக்கு உண்டு. சில்லின் உருளைக்குள்ளே ஒரு மின்காந்தம் இருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் அது சுழலும் உருளையின் முகத்தோடு ஒட்டி இழுபடும். அவ்விழுப்பு ஒரு நெம்பினை அசைத்துப் பிறேக்குக் கட்டைகளை விரிக்கும். மின்சாரத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் கருவியை முன்னர் கடையில் வாங்கிப் பூட்டி வந்தார்கள். 2005ஆம் ஆண்டு மாதிரியான போர்ட் சூப்பர் டியூட்டி வண்டிகளிலிருந்து தொழிற்சாலையிலேயே அதனை உள்ளமைத்துத் தரலாயினர். சாரதி வண்டியின் பிறேக்கை மிதித்த அளவுக்கேற்பப் பெட்டியின் பிறேக்கும் உடனே பிடிக்கும். பெட்டி மட்டும் பிடிப்பதற்கெனக் கையால் அழுத்தும் ஒரு சிறு நெம்பும் அதில் உண்டு. பெட்டி இரு பக்கமும் ஆடத் தொடங்கினால் வண்டியின் பிறேக்கை மிதியாது, அந்நெம்பை அழுத்தி, பெட்டியைப் பின்னிழுத்து நேராக்குவர்.

அவர்களிடம் நாம் கற்க வேண்டியது கருவியையன்று, அதை அளவிடும் முறையை. பாரம் ஏற்றியபின், ஆளில்லாத நேரான தெருவில் மணிக்கு 30 முதல் 40 கிலோமீற்றர் வேகத்தில் ஓட்டி அந்நெம்பை முழுதும் அழுத்துவர். பெட்டிச் சில்லு சுழலாது இறுகி இழுபட்டால் அளவு அதிகம். அது இறுகும் எல்லைக்குச் சற்றுக் கீழே அளவைக் குறைத்து வைப்பர். பாரம் மாறினால் மீண்டும் சோதிப்பர். வெறும் பெட்டிக்குச் சரியான அளவு பாரப் பெட்டிக்குப் போதாது. பாரத்துக்குச் சரியான அளவு வெறும் பெட்டியின் சில்லை இறுக்கிச் சறுக்கவிடும்.

நமது வேகத்துக்கு ஏற்றவாறு இச்சோதனையை நாமும் செய்யலாம். சமமான தெருவில் ஆள் நடக்கும் வேகத்திலும் சற்றுக் கூடிய வேகத்திற் சென்று பெட்டியின் பிறேக்கை மட்டும் மிதியுங்கள். வண்டி பின்னிழுக்கப்படுவதை உணர வேண்டும். இறங்கிப் புழுதியிற் பதிந்த சில்லுத் தடங்களைப் பாருங்கள். ஒரு தடம் மட்டும் தேய்ந்திருந்தால் மற்றச் சில்லின் பிறேக்கு வேலை செய்யவில்லை.

வேலை செய்யாமைக்குப் பெரும்பாலும் காரணம் சேறும் கிறீசுமே. அச்சின் அடைப்பு வளையம் தேய்ந்தால் கிறீசு பிறேக்கு உருளைக்குள் ஒழுகும். அப்படியானால் துடைத்துவிட்டுப் போடுவது போதாது. வளையத்தை மாற்றுதல் வேண்டும். வாய்க்காலையோ வெள்ளம் நின்ற வயலையோ கடந்து வந்தபின் பிறேக்கு நனைந்திருக்கும்; மெதுவாக ஓட்டிக்கொண்டே சிறிது மிதித்து, அச்சூட்டினால் உலர்த்துங்கள். இதற்கு மாறாக, மலைநாட்டு நீண்ட இறக்கத்தில் இடைவிடாது மிதித்துக்கொண்டே வந்தால் சூடு மிகுந்து பிடி குறையும். அங்கே இயந்திரத்தின் தாழ்ந்த கியரே முதற் பிறேக்கு.

பாரத்தை அச்சின்மீது சற்று முன்தள்ளி ஏற்றுங்கள். பின்பக்கம் பாரம் கூடினால் இணைப்புத் தண்டு மேலெழும்பி, இயந்திரத்தின் சில்லுகளைத் தரையினின்றும் தூக்கப் பார்க்கும். பிடிப்பதற்குத் தரை வேண்டுமே! இணைப்பு ஆணிக்குப் பதிலாகக் கம்பித் துண்டையும் பழைய போல்ற்றையும் செருகி வைத்திருப்பதைப் பல இடங்களிற் காண்கிறேன். உரிய ஆணியை இட்டு, கழன்றுவிடாதபடி கீழே ஊசியும் மாட்டி, ஒரு சங்கிலியாலும் இணைத்துவிடுங்கள். பெட்டி தப்பித் தவறிக் கழன்றால் சங்கிலி அதனைத் தடுக்கும். அமெரிக்கப் பெட்டிகளில் இதற்கென ஒரு தனி ஆளியே உண்டு. பெட்டி கழன்றதும் வண்டியோடு கட்டிய கம்பி அவ்வாளியின் முளையை இழுத்துவிட, பெட்டியிலுள்ள சிறு பற்றரியிலிருந்து மின்சாரம் பாய்ந்து பிறேக்குத் தானே பிடித்துக்கொள்ளும்.

ஆளியைச் சொன்னமையால் விளக்குகளைப் பற்றியும் சிறிது சொல்லிவிடுகிறேன். இரவில் விளக்கில்லாத பெட்டியின் பின்னால் மோட்டார்ச் சைக்கிள் வந்து மோதிய செய்திகளை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பெட்டியின் பின்புறத்தில் சிவப்பு ஒளிதெறிப்பிகள் இரு மூலைகளிலும் இருத்தல் வேண்டும். அவற்றுக்குப் பற்றரியும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். சேற்றைத் துடைப்பதும் வைக்கோல் தொங்கி மறைக்காது பார்ப்பதும் மட்டுமே வேலை. பற்றரி உள்ள இயந்திரமாயின் விளக்கும் பூட்டுங்கள். ஆனால் இருக்கும் கம்பியில் எங்கேயோ ஒட்டுப்போட்டு விளக்குப் பூட்டுவது நெருப்புக்கு வழிசெய்வதாகும். 12 வோல்ற்றில் எரியும் 55 உவாற்று விளக்கொன்று நாலரை அம்பியருக்கு மேல் இழுக்கும். இரண்டு விளக்குகள் ஒன்பதுக்கு மேல். மெல்லிய கம்பி இதனைத் தாங்காது சூடேறும். புது விளக்குகளுக்குத் தனி ஆளியும், பற்றரிக்கு அருகே தனி உருகியும், தடித்த கம்பியும் இடுக. முன்சொன்ன பிக்கப் வண்டிகளில், பின்னர் பூட்டும் விளக்குகளுக்கும் கருவிகளுக்குமாகவே உதிரி ஆளிகளைத் தனித்தனி உருகிகளோடு வைத்து விற்கிறார்கள். ஓர் உருகி எரிந்துபோனால் அதனிலும் பெரியதையோ செப்புக் கம்பியையோ வைக்காதீர்கள். எரிந்த காரணத்தைத் தேடுங்கள்.

பெட்டி விளக்குகள் எல்லாம் ஒன்றுசேர மங்கி மினுங்கினால் விளக்குகளை மாற்றிப் பணத்தைச் செலவிட வேண்டாம். பெரும்பாலும் அது புவித்தொடுப்புக் கம்பியின் குறை. துருவும் கிறீசும் படிந்த இணைப்பு ஆணியின் வழியே மின்சாரம் திரும்பிச் செல்லும் என்று நம்பாது, அதற்கெனத் தனிக் கம்பி ஒன்று இடல் வேண்டும்.

பெட்டியை நிறுத்தியபின் சில்லுக்குக் கட்டை வைத்தே கழற்றுங்கள். சரிவில் நிற்குமாயின் கட்டை வைக்குமுன் எவரும் அதன் கீழ்ப்புறத்தில் நிற்கலாகாது. பிள்ளைகளையும் அங்கே விளையாடவிடாதீர்கள்.

வெளியே மரத்தடியில் ஒரு பெட்டி நிற்கின்றது. அதன் சில்லைக் கழற்றி உருளையைத் திறந்து வைத்திருக்கிறோம். உள்ளே உள்ளவற்றைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். தம் இயந்திரத்தைக் கொண்டுவந்திருப்பவர்கள் மிதிகளின் அளவை அங்கேயே சரிபார்த்துக்கொண்டு போகலாம்.