முதலில் சாக்கு, பிறகுதான் குற்றம்



போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போகாதவர்கள் நம் கிருஷ்ணகிரிப் பக்கத்தில் குறைவு. ஊசி முதல் பவுன் வரை கிடைக்கும் என்று பெருமை பேசுவோம். அங்கே ஆடு விற்ற பணத்தை மடியில் கட்டியிருந்தார் ஒருவர், திரும்பிப் பார்ப்பதற்குள் பணம் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து டீக்கடையில் காரணங்கள் உடனே வந்து விழும். "இல்லாத கொடுமைங்க" என்பார் ஒருவர். "சேர்க்கை சரியில்ல" என்பார் அடுத்தவர். "பயம் விட்டுப்போச்சு, நாலு பேரைப் பிடிச்சு உள்ள போட்டாத்தான் அடங்குவானுங்க" என்பார் இன்னொருவர். ஓரமாக நிற்கும் பெரியவர், "அவனுங்க ரத்தமே அப்படி" என்று முடித்து வைப்பார்.

கல்லூரியில் குற்றவியல் பாடமாகச் சொல்லித் தருவதில் பாதி இங்கேயே வந்துவிட்டது. பயம் பற்றிய பேச்சு இத்தாலிக்காரர் பெக்காரியாவுடையது. 1764-இல் எழுதினார். ஆனால் டீக்கடையில் பேசியவர் விட்டுவிட்ட ஒன்றையும் சொன்னார்: தண்டனை கடுமையாக இருப்பதைவிடத் தப்பாமல், தாமதமில்லாமல் வருவதுதான் முக்கியம். சேர்க்கை என்பது அமெரிக்கர் சதர்லாண்டின் கருத்து. திருட்டும் ஒரு தொழில்போலப் பக்கத்தில் இருந்து கற்றுக்கொள்வதே என்றார். இல்லாமை விஷயத்தை 1938-இல் மெர்டன் என்பவர் சற்றுத் திருத்தினார். வெறும் வறுமை ஆளைக் கெடுப்பதில்லை. எல்லோரையும் ஒரே ஆசைக்குத் தூண்டிவிட்டு, சிலருக்கு மட்டும் வழியை அடைத்தால்தான் சிக்கல் என்றார். ஓசூர், போச்சம்பள்ளி சிப்காட் தொழிற்பேட்டைகளைப் பார்த்துக்கொண்டு, நிலமும் இல்லாமல் வேலையும் கிடைக்காமல் வளர்ந்த பையன்களைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த ரத்தக் கதையை மட்டும் சும்மா தாண்டிப் போக முடியவில்லை. 1876-இல் லொம்ப்ரோசோ என்ற இத்தாலிய மருத்துவர், தாடையையும் மண்டையையும் அளந்து பிறவிக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம் என்று புத்தகம் எழுதினார். 1913-இல் இங்கிலாந்தில் கோரிங் என்பவர் சிறைக் கைதிகளை அளந்து, மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, அப்படி ஒரு தனி உடல்வாகு கிடையாது என்று காட்டினார். ஆனால் நம் நாட்டில் லொம்ப்ரோசோவுக்கு ஐந்து ஆண்டு முன்பே, 1871-இல், குற்றப் பரம்பரைச் சட்டம் வந்துவிட்டது. 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கள்ளர், குறவர் என்று பல சமூகத்தினர், பிறந்ததற்காகவே கைரேகை வைக்க, போலீசில் ஆஜர் கொடுக்க வேண்டியிருந்தது. 1952 ஆகஸ்டு 31-இல் நாடு முழுவதும் அது ரத்தானது. சட்டம் போனது, சந்தேகம் போகவில்லை. 2023-இல் நம் பக்கத்துப் புலியாண்டப்பட்டியிலிருந்து குறவர் குடும்பத்தினரை ஆந்திரப் போலீசார் திருட்டு வழக்கில் கொண்டுபோய்ச் சித்திரவதை செய்ததாகப் புகார் எழுந்தது. நேயர்களில் பலர் செய்தியில் பார்த்திருப்பீர்கள்.

இனி எனக்குப் பிடித்த இடத்துக்கு, அதாவது சாக்குக்கு, வருகிறேன். வானொலி நிலையத்தார் கொடுத்த நேரத்தில் பெரும்பகுதியை இதற்கே செலவிடப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் நன்னடத்தை அலுவலராக வேலை பார்த்தவன். 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டப்படி, 21 வயதுக்குக் கீழே இருப்பவர்களைச் சிறைக்கு அனுப்பலாமா, நன்னடத்தையில் விடலாமா என்று முடிவெடுக்கும் முன் நீதிமன்றம் எங்களிடம் அறிக்கை கேட்கும். நாங்கள் ஊருக்குப் போவோம். வீடு, பள்ளிக்கூடம், அக்கம்பக்கம் எல்லாம் விசாரிப்போம். பையன் என்ன செய்தான் என்பது போலீஸ் காகிதத்திலேயே இருக்கும். செய்யும் முன் தனக்குத்தானே என்ன சொல்லிக்கொண்டான் என்பதைத்தான் நான் தேடுவேன்.

ரேஷன் அரிசியை மொபெட்டில் ஏற்றிக் கர்நாடகப் பக்கம் போகும் வண்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த ஒரு பையன். "யாரும் ஆக்கித் திங்காத அரிசி சார். கோழிக்குப் போடறதைக் காசு கொடுத்துத்தானே வாங்குறேன். யாருக்கு நட்டம்?" என்றான். அவன் வீட்டுக்குப் போனேன். அம்மா அதையே சொன்னார். எதிர்வீட்டுக்காரரும் கிட்டத்தட்ட அதே வார்த்தையில் சொன்னார். அந்தச் சாக்கு அவன் யோசித்துக் கண்டுபிடித்ததல்ல, அவனுக்கு முன்பே தெருவில் இருந்தது. அவன் எடுத்துக்கொண்டான், அவ்வளவுதான்.

1957-இல் கிரெஷாம் சைக்ஸ், டேவிட் மாட்ஸா என்ற இரண்டு அமெரிக்கர்கள் சொன்னது இதுதான். தப்பு செய்கிற பையன்களில் பெரும்பாலோர் நம்மைப்போலவே தப்பைத் தப்பென்று நினைப்பவர்கள்தான். அதனாலேயே அவர்களுக்குச் சாக்கு வேண்டியிருக்கிறது. மனசாட்சி அடியோடு இல்லாதவன் எதற்காகச் சாக்குத் தேடப் போகிறான்? 'யாருக்கு நட்டம்' என்பது அவர்கள் பட்டியலில் ஒன்று. 'நானாப் போகலை, கூட்டிட்டுப் போனாங்க' என்பது இன்னொன்று. 'அவனுக்கு அது வேணும்' என்பது மூன்றாவது. அடிதடி வழக்குகளில் நான் அதிகம் கேட்டது இதைத்தான்.

எல்லை தாண்டிக் கர்நாடகத்து மதுப் பாக்கெட் கொண்டுவந்து மாட்டியவர் ஒருவர், வயதில் மூத்தவர், எனக்கே பாடம் எடுத்தார். "அந்தாண்ட கடையில பில்லு போட்டுக் குடுத்த சரக்கு சார் இது. நான் ரோட்டைத் தாண்டினதும் குத்தமாயிடுதா? லாரியில கொண்டுபோறவனை விட்டுட்டு, பையில வச்சிருக்கறவனைப் பிடிக்கிறாங்க." இதிலே இரண்டு சாக்கு இருக்கிறது. முதலாவது அதே 'யாருக்கு நட்டம்'. இரண்டாவது, பிடிக்கிறவனைக் குற்றம் சொல்வது; பட்டியலில் அது நான்காவது. அதில் கொஞ்சம் உண்மையும் கலந்திருக்கிறது என்பதுதான் சங்கடம். முழுப் பொய் சாக்காக நிற்காது. ஓரத்தில் கொஞ்சமாவது உண்மை ஒட்டியிருந்தால்தான் மனசு அதை ஏற்றுக்கொள்ளும்.

நேயர்களே, அரிசிக் கதையையும் பாக்கெட் கதையையும் சிரித்துக்கொண்டே கேட்டிருப்பீர்கள். ஐந்தாவது சாக்கு சிரிக்கிற மாதிரி இல்லை. எனக்காக இல்லை, என் மனுஷங்களுக்காகச் செய்தேன் என்பது அது. 2023 மார்ச்சில், கிருஷ்ணகிரி அணைக்கருகே, காதலித்து மணந்த இளைஞர் ஒருவர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். பெண்ணின் குடும்பத்தினர் கைதானார்கள். அந்த வழக்கைப் பற்றி நான் பேசப்போவதில்லை. ஆனால் இப்படிப்பட்ட வழக்குகளில் திரும்பத் திரும்ப வருகிற ஒரு வாக்கியத்தை நாம் எல்லோரும் எத்தனையோ வீட்டுத் திண்ணையில் கேட்டிருக்கிறோம்: "சொந்தக்காரங்க முகத்துல எப்படி முழிக்கிறது?" கல்யாண வீட்டில், இழவு வீட்டில், பேச்சோடு பேச்சாக அதைச் சொல்கிறவர் யாரும் அரிவாள் எடுப்பதில்லை. அது ஒருவன் காதில் விழுந்து வருஷக்கணக்கில் அங்கேயே கிடக்கிறது.

சைக்ஸ், மாட்ஸா சொன்னதற்கு ஒரு மறுப்பும் உண்டு. ஹிர்ஷி என்ற அறிஞர் 1969-இல், சாக்கு முன்னால் வருகிறதா, செய்துவிட்டுப் பின்னால் சொல்கிறார்களா என்ற கேள்வியை எழுப்பினார். நியாயமான கேள்வி. நான் பார்த்தவரை, முதல் தடவை செய்துவிட்டுச் சொன்ன சாக்கு, இரண்டாம் தடவைக்கு முன்கூட்டியே தயாராக இருக்கும். ஒரு தடவையோடு பையனைத் திருப்பிவிட வேண்டும் என்று நாங்கள் அடித்துக்கொள்வதற்கு அதுதான் காரணம்.

ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, நேரம் முடிகிறது என்று கையைக் காட்டுகிறார்கள். முத்திரை குத்துவதைப் பற்றி 1963-இல் பெக்கர் என்பவர் எழுதியதை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், நேரமில்லை. குற்றவாளி என்று ஊர் பேர் வைத்துவிட்டால் ஆள் அந்தப் பேருக்கேற்ப வாழத் தொடங்கிவிடுவான் என்பதே அதன் சுருக்கம். நன்னடத்தையில் விடப்பட்ட ஒரு பையன், சொன்ன நாளிலெல்லாம் என்னிடம் வந்து ஆஜரானவன், ஒரு தொழிற்சாலை வாசலில் 'கேஸ் இருக்கா?' என்று கேட்டதும் திரும்பி வந்துவிட்டான். 1958 சட்டத்தின் 12-ஆம் பிரிவு, நன்னடத்தையில் விடப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு இல்லை என்கிறது. சிப்காட் பக்கத்தில் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருக்கிற யாராவது இந்த நேரத்தில் வானொலி கேட்டுக்கொண்டிருந்தால், நாளைக்கு அந்தப் பிரிவை ஒரு தடவை படித்துப் பார்ப்பார்கள் என்று நம்புகிறேன்.