தோட்டத்து வாசலும் மரக்கதவும்
(கிராமப் புனருத்தாரணக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



காங்கயம், தாராபுரம் பிரதேசங்களில் கிளுவை வேலியின் பெருமையை எவரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. கிளுவைப் போத்துகளை நெருங்க நட்டு வளர்த்து, இடைவெளிகளை முள்ளால் அடைத்து, கொறங்காட்டையும் தோட்டத்தையும் காக்கும் வித்தை அங்குள்ள குடியானவர்களுக்குப் பரம்பரையாய்க் கைவந்தது. ஆயினும் வேலி எவ்வளவு நேர்த்தியாயிருந்தபோதிலும், அதில் வண்டி போகும் வாசல் ஒன்று இருந்தே தீரவேண்டும். அவ்வாசலில் காணப்படுவது யாது? அநேகமாய் இரண்டு கயிறுகளால் கட்டிய ஒரு முட்படலே. காலையில் அதை இழுத்துப் போடுவதும், மாலையில் இழுத்துச் சார்த்துவதும், கையில் முள் தைப்பதும் வழக்கமாகிவிட்டன. வேலிக்கு வருஷந்தோறும் செலவிடும் கவனத்தில் பத்தில் ஒரு பங்கேனும் வாசலுக்குச் செலவிடப்படுவதில்லை.

இதன் பலன் ஒரே இரவில் தெரிந்துவிடுகிறது. படல் சரிந்து கிடக்கிறது. அண்டை வீட்டுப் பசுவும் கன்றும் மிளகாய்ப் பாத்தியில் இறங்குகின்றன. விடிந்ததும் மாடு கட்டப்படுகிறது, வாய்ச்சண்டை மூளுகிறது. பயிரில் இறங்கிய மாட்டைப் பிடித்து 24 மணி நேரத்துக்குள் பவுண்டுக்கு அனுப்ப 1871-ம் வருஷத்துக் கால்நடை அத்துமீறல் சட்டம் இடங்கொடுத்தது. ஆனால் பவுண்டில் கட்டிய அபராதம் மிதிபட்ட செடியை நிமிர்த்தியதில்லை. பங்காளிகள் ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு ஒருவர் போகாமல் நின்றதே பல இடங்களில் மிச்சம். இவ்வளவுக்கும் மூலகாரணம் கழன்றுபோன ஒரு கயிற்று முடிச்சு.

ஆகையால் உறுதியான மரக்கதவு ஒன்று செய்துகொள்வது ஆடம்பரமன்று. ஆனால் மரக்கதவு போட்டும் இரண்டு வருஷத்தில் நுனி தொங்கித் தரையில் இழுபட, கடைசியில் அதையும் கயிற்றால் கட்டிவைத்திருப்பதைப் பல தோட்டங்களில் காணலாம். மரம் மட்டமென்று தச்சர்மேல் பழி போடுவது நியாயமன்று. பெரும்பாலும் மரத்தில் குற்றமில்லை. அளவிலும் அமைப்பிலுமே குற்றம்.

முதலில் அளவு. பாரவண்டியின் அச்சு முனைகள் இடிக்காமல் நுழைய 10 அடி வாசல் வேண்டும். அதை ஒரே கதவாகச் செய்வது பெருந்தவறு. 5 அடி அகலமும் 4 அடி உயரமுமாக, 3 அங்குலத்துக்கு 2 அங்குலச் சட்டங்களாலும் 1 அங்குலக் கனமுள்ள ரீப்பர்களாலும் செய்த வேப்பமரக் கதவொன்று சுமார் 80 ராத்தல் எடையிருக்கும். அவ்வெடை கதவின் நடுவில், அதாவது காலிலிருந்து இரண்டரை அடி தள்ளி நிற்கிறது. கீல்கள் இரண்டும் 3 அடி இடைவெளியில் இருந்தால், மேல்கீலை வெளியே பிடித்திழுக்கும் பாரம் 67 ராத்தலாகிறது. அதே கதவை 10 அடி அகலமாய்ச் செய்தால் எடையும் இரட்டிக்கிறது, அது நிற்கும் தூரமும் இரட்டிக்கிறது; ஆகவே இழுப்பு நாலு மடங்காய், சுமார் 267 ராத்தலாய் ஏறிவிடுகிறது. எந்தக் கீலும் எத்தனை நாள் தாங்கும்? இரண்டு கதவுகளாய்ப் பிரித்து, நடுவில் தரையில் ஒரு கல்லைப் பதித்து, அதன் துளையில் ஒரு கதவின் தாழ்க்கம்பி இறங்கும்படி செய்வதே தக்கது. பிள்ளைகள் கதவின் நுனியில் ஏறி ஊஞ்சலாடுவது வேறு உண்டு. 60 ராத்தல் எடையுள்ள ஒரு சிறுவன் 5 அடிக் கதவின் நுனியில் தொங்கினால் மேல்கீலுக்கு மேலும் 100 ராத்தல் இழுப்பு ஏறும். சிறுவர்களைக் கண்டிப்பது எளிதன்று. அதையும் எதிர்பார்த்தே கீலைப் போடவேண்டும்.

அடுத்தது சாய்வுச் சட்டம். கயிற்றுக் கட்டிலின் மூட்டு தளர்ந்தால் அதன் நாலு சட்டங்களும் முறியாமலே கட்டில் கோணிப்போவதை எல்லாரும் அறிவார்கள். நாலு மூலையுள்ள எதற்கும் அக்குணம் உண்டு. மூன்று குச்சிகளை முக்கோணமாய்க் கட்டினால் அது கோணுவதில்லை. ஆகவே கதவுக்குள் ஒரு சட்டத்தைச் சாய்வாய் வைப்பது முக்கோணம் உண்டாக்குவதற்கேயன்றி அழகுக்காக அன்று. அது கீல் பக்கத்துக் கீழ்மூலையில் தொடங்கி, தாழ்ப் பக்கத்து மேல்மூலைக்கு ஏறவேண்டும். அப்போது தொங்க முயலும் நுனியை அச்சட்டம் கீழிருந்து தாங்கி நிற்கும். தாங்குவது மரத்துக்கு இயல்பு. மாறாக, கீல் பக்கத்து மேல்மூலையிலிருந்து கீழே சரியவிட்டால் சட்டம் இழுபடும். அதன் முனையிலுள்ள ஆணிகள் ஒவ்வொன்றாய்க் கழலும். இரும்புக் கம்பி போடுவதானால் மாத்திரம் இந்த எதிர்த்திசையே சரி, ஏனெனில் இழுப்பைத் தாங்குவது கம்பியின் தொழில். தொங்கிய கதவுகளில் பல, சாய்வுச் சட்டம் இல்லாதவை, அல்லது அது தலைகீழாய் வைக்கப்பட்டவை.

சட்டங்களைக் கழுந்தும் துளையுமாய்ச் சேர்த்து, மூங்கில் ஆணி அடிப்பது உத்தமம். அடிக்குமுன் மூலைக்கு மூலை கயிறு பிடித்துப் பார்க்கவேண்டும். மேற்சொன்ன அளவில் இரு குறுக்களவும் 6 அடி 5 அங்குலத்துக்குச் சற்றுக் குறைய, ஒன்றுக்கொன்று சமமாயிருந்தால் கதவு மூலைமட்டத்துக்குச் சரி. ரீப்பர்களைக் கீழ்ப்பாதியில் நெருக்கி வைக்காவிட்டால் ஆட்டுக்குட்டி புகும்.

மரத்தைப்பற்றிச் சிறிது சொல்லவேண்டும். கருவேல், வேம்பு, முற்றிய பனை எதுவாயினும் வைரமே உதவும். வெளிறு கரையானுக்கு விருந்து. கருவேல மரத்தை வெட்டியவுடன் அறுக்காமல் நீரில் ஊறப்போட்டு, பின்பு நிழலில் காயவைப்பது வண்டித் தச்சர்களின் பழைய முறை. அவசரப்பட்டுப் பச்சை மரத்தில் கழுந்து வெட்டினால் அது காய்ந்து சுருங்கும்போது மூட்டு ஆடத் தொடங்கும்.

இனிக் கால். கருங்கல் கால் கிடைக்கும் ஊர்களில் வேறு யோசனை வேண்டாம். மரக்காலானால் ஏழரை அடி நீளத்தில் 3 அடி பூமிக்குள் போகவேண்டும். அடியைத் தீயில் கருக்கினால் போதுமென்ற எண்ணம் உண்டு. கருக்கியது மாத்திரம் கரையானைத் தடுக்காது. தார் பூசுவதும், தண்ணீர் தேங்காதபடி சரளைக்கல்லைச் சுற்றிலும் இட்டுக் கிட்டிப்பதும் அவசியம். தார், கிணற்று நீரிலும் வாய்க்காலிலும் படலாகாது. கதவு பெரும்பாலும் மூடியே இருப்பதால் அதன் பாரம் காலின் தலையைக் கதவுப் பக்கமாய் இழுக்கும். அடி எதிர்ப்பக்கமாய் உதைக்கும். ஆகவே பெரிய கற்களைக் குழியில் கண்டபடி கொட்டாமல், கதவுப் பக்கத்தில் தரைமட்டத்தை ஒட்டியும், எதிர்ப்பக்கத்தில் குழியின் அடியிலும் வைத்து இறுக்கினால் அதே கற்கள் இரட்டிப்பு வேலை செய்யும். இதைச் சொல்லாமலே செய்யும் கிழவர்கள் உண்டு.

முன்னோர் கதவுகளுக்குக் கீலே இல்லை. கதவின் நெட்டுச் சட்டமே குடுமியாய்க் கல்லில் குடைந்த குழிக்குள் நின்று சுழன்றது. அம்முறையை இகழவேண்டாம், எடை முழுவதும் கல்லில் இறங்கிவிடுவதால் மேலே ஒரு வளையம் இழுப்பை மாத்திரம் தாங்கினால் போதும். கீலே வேண்டுமென்போர், தேய்ந்த வண்டிப்பட்டை கிடைத்தால் கொல்லரிடம் கொடுத்துப் பட்டைக் கீலாய் அடித்துக்கொள்ளலாம். அது சட்டத்தின்மேல் ஒன்றரை அடியாவது நீண்டு படிந்து, ஆணிக்குப் பதிலாய் மரையாணியால் முடுக்கப்படவேண்டும்.

தாழ் விஷயத்தில் மாட்டின் புத்தியைக் குறைவாய் மதிக்கலாகாது. மேலே தூக்கித் திறக்கும் கொண்டியை மூக்காலும் கொம்பாலும் நெம்பித் திறக்கப் பழகும் மாடுகள் உண்டு. பக்கவாட்டில் தள்ளும் தாழைப் போட்டு, அதன் பிடி ஒரு காடியில் விழும்படி செய்தால் கை வைத்தாலன்றித் திறவாது.

இச்செலவுக்குச் சங்கத்தில் கடன் கேட்பது சிலாக்கியமென்று தோன்றவில்லை. மரம் சொந்த வரப்பில் நிற்பவருக்குத் தச்சர், கொல்லர் கூலியே முக்கியச் செலவு. ஒரு மகசூலின் வரும்படியிலிருந்து அதை ஒதுக்கலாம். மரையாணியும் தாருமோவெனில், பத்துக் குடும்பங்கள் சேர்ந்து சங்கத்தின் மூலம் மொத்தமாய் வருவித்தால் சில்லறை விலை கொடுக்கவேண்டியிராது.

கதவு நின்ற முதல் வருஷம், ஐப்பசி மழைக்குமுன் மூங்கில் ஆணிகளைத் தட்டிப் பார்த்து, சட்டங்களின் வெட்டுவாய்களுக்கு மறுபடி எண்ணெயோ தாரோ பூசவேண்டும். மழைநீர் முதலில் நுழைவது அங்கேதான். பழைய முட்படலை எறிந்துவிடவேண்டாம். கதவுக்காலுக்கும் கிளுவைக்கும் இடையில், போத்து வேர்விட்டு நெருங்கும்வரை திறந்து கிடக்கும் சந்தை அடைக்க அது உதவும்.