பாலைவனத்து உயிர்களும் அணுக்கதிரும்



பாலைவனம் என்றதும் மணற்பரப்பும் கானல்நீரும் ஆளரவமற்ற வெறுமையுமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. நிலத்தை ஐந்திணையாக வகுத்த பழந்தமிழர் பாலைக்கும் உரிய மரமும் பறவையும் விலங்கும் இவையெனக் கூறினர். அவர்கள் நோக்கில் அது உயிரற்ற நிலமன்று. இருபதாம் நூற்றாண்டின் வல்லரசுகளோ அதனை வெறுநிலம் என்றே கருதின. அணுகுண்டுகளை வெடித்துப் பார்ப்பதற்குப் பாலைவனங்களைத் தேடிச் சென்றன.

1945 ஆம் ஆண்டு யூலை 16 ஆம் நாள் உலகின் முதல் அணுகுண்டு நியூ மெக்சிக்கோவின் வறண்ட சமவெளியிலே வெடிக்கப்பட்டது. நெவாடாப் பாலைவனத்தில் 1951 முதல் 1992 வரை 928 சோதனைகள் நிகழ்ந்தன. பிரித்தானியா அவுஸ்திரேலியாவின் மரலிங்காவில் 1956 இலும் 1957 இலும் ஏழு குண்டுகளை வெடித்தது. பிரான்ஸ் 1960 இல் சகாராவையும், சீனா 1964 இல் லொப் நோரையும் தெரிந்துகொண்டன. இவ்விடங்களில் வாழும் செடிகொடிகளுக்கும் விலங்குகளுக்கும் நேர்ந்த தீங்கை எவ்வாறு அளப்பது? இதுவே இன்றைய பேச்சின் பொருள்.

அளக்கும் முறை மூன்று படிகளைக் கொண்டது. முதலாவதாக, மண்ணிலே எந்தக் கதிரியக்கப் பொருள் எவ்வளவு உண்டென்று காண்பர். இரண்டாவதாக, அதில் எவ்வளவு வேர் வழியாகவும் உணவு வழியாகவும் மூச்சு வழியாகவும் உயிரின் உடலுட் புகுகின்றதென்று கணிப்பர். மூன்றாவதாக, உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் அவ்வுடல் ஏற்கும் கதிரின் அளவை ஒரு வரம்போடு ஒப்பிடுவர். அவ்வளவின் அலகு கிறே எனப்படும். நாளொன்றுக்கு ஒரு மில்லிகிறேக்குக் குறைவாயின் நிலவாழ் விலங்குத் தொகுதிக்கும், பத்து மில்லிகிறேக்குக் குறைவாயின் தாவரத் தொகுதிக்கும் கேடு நேர்தல் அரிது என்று சர்வதேச அணுசக்தி முகவர் நிலையம் 1992 இல் வெளியிட்ட அறிக்கை கூறிற்று.

கணக்கு எளிதாகவே தோன்றுகின்றது. ஆயினும் பாலைவனம் அக்கணக்கிற்கு எளிதில் அடங்குவதன்று. மழை மிகுந்த நாட்டிலே நீர் கதிரியக்கப் பொருளைக் கழுவியும் ஆழத்தில் இறக்கியும் விடும். மழையற்ற நிலத்தில் அது மேல்மண்ணிலேயே நெடுங்காலம் தங்கும். காற்று அதனைத் தூசியாக எழுப்பும், இலைகளிற் படிவிக்கும். அவ்விலையை மேயும் விலங்கு தூசியையும் சேர்த்தே உண்ணும். வெயிலுக்கு அஞ்சி வளை தோண்டி வாழும் பிராணிகளோ அந்த மண்ணிலேயே படுத்து, அதன் தூசியையே சுவாசிக்கின்றன.

மரலிங்காவில் இவ்விடர் தெளிவாகத் தெரிகின்றது. 1960 முதல் 1963 வரை அங்கே நடந்த சிறு சோதனைகளில் ஏறக்குறைய 22 கிலோகிராம் புளூற்றோனியம் சிதறடிக்கப்பட்டது. புளூற்றோனியத்தின் அல்பாக் கதிரை மேற்றோலே தடுத்துவிடும். ஆனால் மூச்சோடு உட்சென்றால் அப்பொருள் ஈரலிலும் எலும்பிலும் தங்கி உள்ளிருந்தே தாக்கும். அதன் அரை ஆயுட்காலம் 24,100 ஆண்டுகள்.

இனி, தீங்கு என்பது எது? இறந்த விலங்குகளை எண்ணினால் அது புலப்பட்டுவிடுமா? இதற்கு விடை தரும் ஆராய்ச்சியொன்று நெவாடாவின் றொக் வலி என்னும் இடத்தில் 1964 இல் தொடங்கிற்று. ஏறத்தாழ ஒன்பது ஹெக்டேயர் நிலத்தை வேலியிட்டு, நடுவே கோபுரம் நிறுத்தி, சீசியம் 137 இலிருந்து இடையறாது கதிர் பாயுமாறு செய்தனர். அங்கே பல்லி இனங்கள் கூட்டமாக மடிந்து வீழவில்லை. அவை ஓடின, இரை தேடின, வெயில் காய்ந்தன. ஆயினும் ஆண்டுகள் செல்லச் செல்லச் சில இனங்களிற் குஞ்சுகளைக் காணவில்லை. ஆராய்ந்தபோது பெண் பல்லிகளின் சூலகங்கள் சிதைந்து மலடாகியிருந்தமை தெரிந்தது. முதிர்வதற்கு நாட்செல்லும், பல்லாண்டு வாழும் இனங்களே முதலில் நலிந்தன. விரைவில் முதிர்ந்து முட்டையிடும் சிற்றினமோ நெடுநாள் நிலைத்தது. ஒருமுறை சென்று பார்த்துத் திரும்பியவர், "பல்லிகள் நலமாகவே உள்ளன" என்று எழுதியிருப்பார். தொட்டிலைப் பாராமல் முற்றத்தை மட்டும் பார்த்துக் குடும்பத்தின் எதிர்காலத்தைக் கூறுவது போன்றது அது.

மற்றொரு குறையும் உண்டு. மனிதனைக் காக்கும் வரம்பு ஏனைய உயிரினங்களையும் காத்துவிடும் என்பதே சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணைக்குழு 1990 இல் கொண்டிருந்த கருத்து. மனிதன் வாழாத இடத்தில் அவ்வரம்பு யாரைக் காக்கும்? பின்னர் ஆணைக்குழு தன் நிலையை மாற்றி, 2008 இல் பன்னிரண்டு மாதிரி உயிர்களை வகுத்தது. மான், எலி, வாத்து, தவளை, தேனீ, மண்புழு, நன்னீர் மீன், கடல்மீன், நண்டு, ஊசியிலை மரம், காட்டுப்புல், கடற்பாசி என்பனவே அவை. பெரிதும் வரவேற்கத்தக்க மாற்றம்தான். ஆனால் அப்பட்டியலில் ஓணானும் இல்லை, கங்காருவும் இல்லை, உவர்நிலப் புதரும் இல்லை. ஈரநாட்டின் அளவுகோலை வறண்ட நாட்டில் அப்படியே வைத்தால் அளவு பிழைக்கும். ஆகவேதான் அவுஸ்திரேலிய விஞ்ஞானிகள் தம் பாலைவனத்துப் பிராணிகளையும் செடிகளையுமே நேரில் ஆராய்ந்து, அவற்றுக்குரிய எண்களைத் திரட்டி வருகின்றனர்.

இது விலங்குகளோடு மட்டும் முடியும் விடயமுமன்று. மரலிங்கா நிலத்துக்கு ஆதிக்குடிகளாகிய உரியவர்கள் இருந்தனர். மண்ணைச் சுரண்டிப் புதைத்த துப்புரவுப் பணி 2000 ஆம் ஆண்டில் நிறைவுற்றது. சோதனைக்களம் 2009 இல் அவர்களிடம் மீண்டும் கையளிக்கப்பட்டது. தரையில் அமர்ந்து, தீமூட்டி, வேட்டையாடிய இறைச்சியை உண்ணும் மக்களுக்கு அந்நிலத்துக் கங்காருவின் நலமும் தம் நலமும் வேறு வேறல்ல.

"ஆபத்துக் குறைவு" என்று எவரேனும் கூறும்போது நாம் மூன்று கேள்விகளைக் கேட்டல் வேண்டும். எந்த உயிருக்கு? எந்த அளவுகோலால்? எத்தனை தலைமுறைக்கு? இவற்றுக்கு விடை கூறாத மதிப்பீடு எத்துணை எண்களைக் கொண்டிருப்பினும் முழுமையானதாகாது. வெறுநிலம் என்று ஒன்று உலகில் இல்லை. நாம் உற்றுநோக்காத நிலமே உண்டு.